பிரேக் நன்றாகத்தான் இருந்தது

ஜோயல், இதை முழுவதும் படித்து முடிக்கும் வரை எனக்குப் போன் செய்யாதே. பாதியிலேயே செய்வாய் என்று தெரியும். அந்த அவசரம் உன் அப்பாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து அல்ல. செய்தாலும் எடுக்க மாட்டேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போனை அணைத்து வைத்துவிடப் போகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எதற்கு இப்படி இழுக்கிறாள் என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். சனிக்கிழமை ஷீபாவையும் என் பேத்தி அக்சாவையும் கூட்டிவர நான் அரக்கோணம் ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. ஏன் என்று போனில் சொல்லப் பார்த்தேன். "ம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்றமா கூப்புடறேன்" என்றாய். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. நீ திரும்பக் கூப்பிட்டபோது குழம்பு என்ன வைத்தாய், தண்ணீர் வருகிறதா என்று பேசி வைத்துவிட்டோம்.

காரை விற்றுவிடு என்று நீ சொன்னது சரிதான். அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், வாயால். உன் அப்பா அந்த டீசல் வண்டியை எடுத்துக்கொண்டு விதை, உரம் விற்பதற்காக நகரி, புத்தூர், சித்தூர் என்று எல்லையைத் தாண்டி ஓடாத ஊர் கிடையாது. அவர் போனபிறகு, இனி அதைக் கொட்டகையில் மூடிப் போட்டுவிடுவார்கள் என்றுதான் சபையில் எல்லாரும் நினைத்தார்கள். ஐம்பது வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றதும் பாஸ்டரம்மாவே வீட்டுக்கு வந்து, "இன்னாத்துக்கு டீச்சர் இந்த வயசுல இதெல்லாம்" என்று கேட்டார். அடுத்த மாதம் அதே பாஸ்டரம்மாவைப் பிரசவத்துக்கு நின்ற மருமகளோடு ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கினேன். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. திருவாலங்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுக்காகக் கால்கடுக்க நின்றவள், ரிடையர் ஆகும் வரை கரும்பு லாரிகளுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போய்வந்தேன். எனக்கு யாரையும் கெஞ்சாமல் இருக்கப் பிடிக்கும். அந்த வண்டி இருந்தால் கெஞ்ச வேண்டாம். இதை நீ தெரிந்துகொண்டால்தான் நான் செய்தது என்னவென்று உனக்குப் புரியும்.

முதலில் வந்தவர் அரக்கோணத்துப் புரோக்கர். அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் முதல் தடவை கிளப்பும்போது கறுப்பாகப் புகை விடும், வண்டி மொத்தமும் குளிர்க்காய்ச்சல் வந்தாற்போல நடுங்கும். கிளட்ச் கனம். பின்பக்க இடது கண்ணாடியைக் கையால் பிடித்து இழுத்தால்தான் ஏறும். டிக்கிக்குள் பாயைத் தூக்கினால் துரு. நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டும். "எல்லாத்துக்கும் மேல பிரேக். சில சமயம் புடிக்காது, திடீர்னு காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும்" என்றேன். புரோக்கர் காபியைக்கூட முடிக்கவில்லை. கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருப்பவர் அடுத்து வந்தார். அவரிடமும் அப்படியே ஒப்பித்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, என்னையும் ஒரு மாதிரி பார்த்து, "இவ்ளோ சொல்றீங்கன்னா இன்னும் சொல்லாதது இன்னா கீதோ" என்று முனகிக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சுருக்கென்றது. என்ன நாக்கு இந்த மனுஷனுக்கு என்று அன்றெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீ போனில் கத்தினாயே, அது நினைவிருக்கிறதா? "வண்டிய விக்கிறியா, இல்ல வர்றவன வெரட்டிகினு இருக்கியாம்மா?" நான் உடனே நியாயம் பேசினேன். பொய் சொல்லி விற்றுவிட்டு நாளைக்கு அந்தக் குடும்பம் ரோட்டில் நின்றால் யார் பதில் சொல்வது, உன்னை அப்படியா வளர்த்தேன் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். நீ அடங்கிப் போனாய். ஒரு அம்மா நேர்மையைப் பற்றிப் பேசினால் எந்த மகனால் எதிர்த்துப் பேச முடியும்? அது தெரிந்தேதான் பேசினேன். பிறகு நீயே லீவு போட்டுக்கொண்டு வந்து, நீயே விளம்பரம் போட்டு, பள்ளிப்பட்டிலிருந்து முனிரத்தினத்தை வரவழைத்தாய். விசைத்தறி போட்டிருப்பவர், சேலைக் கட்டுகளை டூவீலரில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்து போவதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று வந்தவர். மனைவி லட்சுமியும் சின்னப் பெண்ணும் கூடவே வந்தார்கள். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னேன், பிரேக்கையும் சேர்த்து. அந்த மனிதர் பயப்படவில்லை, சிரித்தார். "வயசான வண்டின்னா நாலு கொற இருக்கத்தான் செய்யும் டீச்சரம்மா. ஒருக்கா மல ஏத்திப் பாத்துட்டு சொல்றேன். அப்டியே சாமியும் கும்புட்டுக்கலாம்" என்றார்.

நம் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் காட்டுகிறார்களோ இல்லையோ, கோயில் மலைப்பாதையில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். மூச்சு வாங்கினால் ஏற்றத்தில் தெரியும், பிடிமானம் இறக்கத்தில் தெரியும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாள் நீ அந்த வண்டியைச் சோளிங்கர் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, "பிரேக் நல்லாதான்மா புடிக்குது" என்று சொல்லியிருந்தாய். உனக்கு என்ன தெரியும் என்று அடக்கிவிட்டேன். முனிரத்தினம் வண்டியை எடுத்தார், நீ பக்கத்தில், நானும் லட்சுமியும் அந்தப் பெண் தேஜாவும் பின்னால். ஏறும்போது அவர் ஒவ்வொரு வளைவிலும் தலையை ஆட்டிக்கொண்டு, "இழுவ நல்லா கீது, இன்னா இழுவ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். லட்சுமி என் கையைப் பிடித்து, "நீங்க சொன்னதக் கேட்டு பயந்துட்டேங்க, இது பஸ்ஸ விட சுகமா போவுது" என்றாள். வண்டி கையைவிட்டுப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மேலே அவர்கள் கோயிலுக்குள் போனதும் நாம் இருவரும் வண்டியருகே நின்றோம். அங்கே நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ கத்தவில்லை, கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கீழே பார்த்துக்கொண்டு, "பிரேக்குல எந்தக் கொறையும் இல்லம்மா. அவரு எல்லா திருப்பத்துலயும் புடிச்சுப் பாத்துட்டாரு. நீ ஏன் பொய் சொல்லிகினு இருக்க?" என்று கேட்டாய். பொய் என்ற வார்த்தை என் முகத்தில் அறைந்தது. பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பாடம் சொன்னவளைப் பார்த்து, பெற்ற பிள்ளை, நாலு பேர் தேங்காய் உடைக்கிற இடத்தில் வைத்துக் கேட்கிறான். "ஒரு நாள் ஓட்டுனா உனக்குத் தெரிஞ்சிடுமா? சாவியக் குடு. எறக்கத்துல நான் காட்டறேன்" என்றேன். நீ தயங்கினாய். "குடுடா" என்றேன். அவர்கள் நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்தபோது நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னதும் முனிரத்தினம் பின்னால் போய் உட்கார்ந்தார். எப்போதும் கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தானே வண்டியை எடுப்பேன். அன்று கோபத்தில் அதுவும் இல்லை.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும், மூன்றில் வந்தேன். உனக்குக் காட்ட வேண்டும் என்ற வெறி. பின்னால் அந்தப் பெண் தெலுங்கில் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். வளைவு திரும்பியதும் எதிரே ஒரு வேன் பாதையை அடைத்துக்கொண்டு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. மொட்டை அடித்த ஒரு குடும்பம், கையில் குழந்தையோடு ஒருத்தி. நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. பாட்டு நின்றது. "பாவா, நிறுத்தச் சொல்லுங்க" என்று லட்சுமி புருஷனைப் பார்த்து அலறினாள். நீ, "ம்மா! பிரேக்கு! பிரேக்க மிதி!" என்று கத்தினாய். "மிதிக்கிறேன்டா!" என்று நானும் கத்தினேன். கைக்குழந்தைக்காரி திரும்பிப் பார்த்தாள், அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். நீ ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்து, மறு கையால் ஸ்டியரிங்கை உன் பக்கம் வளைத்தாய். வண்டி கைப்பிடிச் சுவரில் உரசி, அணைந்து, நின்றது. தேஜா "நைனா, நைனா" என்று அப்பாவைக் கூப்பிட்டுத் தேம்பியது மட்டும்தான் சத்தம்.

நீ இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாய். என்னைப் பார்க்காமல் குனிந்து, பெடலுக்குக் கீழே கையை விட்டு, என் வலது கால் செருப்பை எடுத்தாய். அது எப்போது கழன்றது, எப்படிப் போய் அங்கே விழுந்தது? உன் முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "செருப்பு மாட்டிக்கிச்சுங்க. பிரேக்குக்கு அடில போய் மாட்டிக்கிச்சு. அதான்" என்று பின்னால் திரும்பி அவர்களிடம் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, "அதானேம்மா?" என்று கேட்டாய். நான் "ஆங்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். மிச்ச வழியெல்லாம் முனிரத்தினம்தான் ஓட்டினார், அடிவாரம் வரும்வரை பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "பிரேக்கு கல்லு மாதிரி கீதும்மா" என்றார். ஆனால் லட்சுமி பெண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு, இந்த வண்டி வேண்டாம், சாமி கும்பிட்டுத் திரும்பும்போதே இப்படி ஆகிவிட்டது என்று அவரிடம் தெலுங்கில் சொன்னாள். நமக்குத் தெலுங்கு புரியும் என்று அவளுக்கும் தெரியும், இருந்தும் சொன்னாள். அப்படி ஒரு பயம். அவர்கள் எதுவும் முடிவு சொல்லாமல் பஸ் ஏறினார்கள்.

அன்று சாயந்தரம் நீ எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாய். மலைமேல் பொய் என்று சொன்னது உன்னை உறுத்திக்கொண்டிருந்தது. "பெடலுக்கு அடில செருப்பு போனா எவனாலயும் பிரேக் புடிக்க முடியாதும்மா. முன்னாடியும் அப்டிதான் ஆயிருக்கும், நீ பிரேக்குன்னு நெனச்சுகினு இருந்திருக்க. இனிமே செருப்பக் கழட்டிட்டு ஓட்டு. வண்டிய விக்க வேணாம், இருக்கட்டும், உனக்கு அது இல்லாம முடியாது" என்றாய். எனக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்துவிட்டது. நான் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன், அக்சாவுக்கென்று வாங்கி வந்திருந்த அந்தக் குழந்தை இருக்கையைப் பின் சீட்டில் வைத்து, வார் போட்டுக் கட்டி, ஆட்டி ஆட்டிப் பார்த்தாய். "சனிக்கெழம நீயே அரக்கோணம் போயி கூப்ட்டுகினு வந்துடும்மா, ஷீபா பைய தூக்கிகினு ஆட்டோல அலைய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

ஜோயல், செருப்பு மாட்டவில்லை. அது கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. நான் பிரேக்கை மிதிக்கவும் இல்லை. அதற்குப் பக்கத்தில் தரையை மிதித்துக்கொண்டு, பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வலது பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இது அதன் வேலை. ஒரு நாள் கூடத்தில் ரத்தத் தடம் பார்த்து, பூனை எதையோ கடித்துக்கொண்டு வந்துவிட்டது என்று துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தடம் என் பின்னாலேயே வந்தது. காலில் குண்டூசி தலைவரை இறங்கியிருந்தது. அதற்கப்புறம்தான் பிரேக் பிடிக்கவில்லை என்ற பேச்சே என் வாயில் வந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு வேலை தெரியவில்லை என்று இன்னொருவரிடம் போய், இருந்த நல்ல பாகங்களைக் கழற்றிப் புதிது போட்டேன். வண்டிக்கு வைத்தியம் பார்த்தேன், எனக்குப் பார்க்கவில்லை. டாக்டர் வண்டி ஓட்டாதே என்று சொல்லிவிடுவார் என்பதால் டாக்டரிடமே போகவில்லை.

உன் அப்பா விஷயத்தை நாம் பேசுவதில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. புத்தூரிலிருந்து திரும்பிய அன்று அவர் சட்டை முழுக்க நனைந்து வீட்டுக்கு வந்தார். வெயில்கூட இல்லை. ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டதற்கு, "ஏசி சரியில்ல, காத்தே வரல" என்றார். நான் நம்பினேன். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், கேஸ் தீர்ந்திருக்கும்ப்பா என்றாய். மறுநாள் காலை நான் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவன் ஏசியைத் திறந்து பார்த்து, குளுகுளுவென்று வருகிறதே என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே குளியலறையில் விழுந்தார். நம் வீட்டில் எல்லாருக்கும் இந்தப் புத்திதான். உடம்பில் எது கெட்டாலும் வண்டியில் கெட்டதாகச் சொல்லிக்கொள்வோம், கேட்கிறவரும் வண்டியைத்தான் திறந்து பார்ப்போம். அவர் சொன்னதை நான் நம்பியதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. நீ என்னை நம்பி அதே மாதிரி நின்றால் என்ன ஆவாய் என்று நினைத்துப் பார்த்தேன்.

நீ போன அன்று மதியம் காரில் போய் உட்கார்ந்தேன். கேட்டைத் திறக்கவில்லை, என்ஜினும் போடவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன், நீ சொன்னபடி. கீழே பார்க்காமல் பிரேக்கில் கால் வைத்துப் பார்ப்போம் என்று கண்ணாடியைப் பார்த்தபடியே வலது காலை வைத்து அழுத்தினேன். பிரேக்தான், சத்தியம் செய்திருப்பேன். குனிந்து பார்த்தேன். கால் ஆக்ஸிலரேட்டர்மேல் இருந்தது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் அதன்மேல். நிமிர்ந்தால் கண்ணாடியில் அக்சாவின் இருக்கை. நீ அத்தனை இறுக்கமாகக் கட்டியிருந்தாய். ஜோயல், அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும், மெதுவாகப் போய்விடலாம், கண்ணால் பார்த்துப் பார்த்து மிதித்தால் போதும் என்றது. சனிக்கிழமை வரை எனக்கு நேரம் கொடுத்தால் நான் போய்விடுவேன் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அதனால் அங்கேயே, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடியே, முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன்.

லட்சுமிதான் எடுத்தாள். வண்டி வேண்டாம்மா என்று ஆரம்பித்தாள். "லட்சுமி, கேளு. அன்னிக்கு மலையில வண்டியால ஒண்ணும் ஆகல, செருப்பும் மாட்டல. என் கால் மரத்துப் போச்சு. பிரேக் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. உம்பொண்ண பின்னால வெச்சுகினு தெரிஞ்சே ஓட்டுனேன்" என்றேன். பெற்ற மகனிடம் சொல்ல முடியாதது முன்பின் தெரியாதவளிடம் கொட்டிவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருக்கலாம், அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. "எம்பொண்ணுக்கு எதனா ஆயிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு, "உங்க புள்ளைக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. சொல்றேன்னு சொன்னாத்தான் நாங்க வண்டி எடுக்க வருவோம்" என்றாள். அந்த வண்டிக்கு அவள் கேட்ட விலையில் அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இன்று காலை மூவரும் வந்தார்கள். குறைகளை இன்னொரு தடவை சொன்னேன், இந்தத் தடவை யாரையும் விரட்டுவதற்காக அல்ல: புகை, நடுக்கம், கிளட்ச், கண்ணாடி, துரு, ஆயில், சுவரில் உரசிய கீறல். பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது நன்றாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரர் என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார். உனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்குமானால் இதைச் சொல்வேன்: ஒருவர் கேட்காமலேயே பத்து உண்மைகளை அடுக்கினால், பதினோராவதை எங்கே வைத்திருக்கிறார் என்று பார். நான் அத்தனையும் சொன்னது ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான். இன்னொன்று, யாராவது உன் கண் முன்னால் தடுமாறினால் அவசரப்பட்டு நீயே ஒரு காரணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடாதே. நீ பாசத்தில்தான் கொடுத்தாய். எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நான் உன் மகளைக் கொன்றிருப்பேன்.

அக்சாவின் இருக்கையை முனிரத்தினமே அவிழ்த்துக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். ஆர்.சி. புத்தகத்தையும் சாவிகளையும் வாங்கிக்கொண்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனவர் திரும்பி வந்து, "நீங்க எங்கனா போணுமா டீச்சரம்மா, போற வழில எறக்கி வுட்டுடறோம்" என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். முன்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே உன் அப்பா ஓட்டியபோதுதான், அப்போது யாரும் பெல்ட் போட்டதில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையால் துழாவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து லட்சுமி எட்டி, பெல்ட்டை இழுத்து எனக்கு மாட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதேன், அவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் என் பாதத்தில் ஒரு சின்னக் கம்பியால் அங்கங்கே குத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். முதல் இரண்டு முறை தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் அப்போது குத்தவே இல்லையாம்.

ஆகவே சனிக்கிழமை நீயும் லீவு போட்டுக்கொண்டு அவர்களோடு வா. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம், அக்சாவுக்கு ஆட்டோ பிடிக்கும். வீட்டுக்குள் வந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். மருந்து கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை, நீ போய்ச் சாப்பிடு என்பேன். இப்போதே எனக்குத் தெரிகிறது, அப்படித்தான் சொல்வேன். என் வாயைக் கேட்காதே. கீழே உட்கார்ந்து, என் காலை எடுத்து உன் மடியில் வைத்து, நீயே பார்.

அம்மா